ஜப்பானிய ஃபுசுமா கதவுகளில் தங்கத்தின் மேல் பூ வரைவது எப்படி?

கியோத்தோ கோயில்களின் நகரும் கதவுகளில் தங்கப் பின்னணியில் புடைத்து நிற்கும் வெள்ளைப் பூக்களைப் படத்தில் பார்த்துவிட்டு, வீட்டு அலமாரியின் ப்ளைவுட் கதவில் அதேபோல் முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். சாக்பீஸ் பொடியை வெள்ளைப் பசையில் குழைத்து இதழ்களை மேடாக்கி, மேலே அக்ரிலிக் பூசி, சுற்றிலும் கைவினைக் கடையில் வாங்கிய தங்கத் தாளை ஒட்டியிருக்கிறீர்கள். சில மாதங்களிலேயே இதழ்கள் வெடித்தன, தங்கம் கறுத்தது. பார்த்த மூன்று படங்களையும் இணைத்து, "அவர்கள் என்ன பெயிண்ட் பயன்படுத்துகிறார்கள், எங்கே கிடைக்கும்?" என்று முடித்திருக்கிறீர்கள். பெயிண்ட்டின் பெயர் தெரிந்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரியவேண்டியது, அந்தப் பூ எதன் மேல், எந்தப் பசையில் நிற்கிறது என்பது. விலை உயர்ந்த ஜப்பானிய நிறங்களை வாங்கி அதே ப்ளைவுட்டில் அதே கனத்துக்குப் பூசினால் அவையும் வெடிக்கும். அதனால் நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு கதவிலிருந்து தொடங்குகிறேன்.

ஜப்பானிய வீட்டில் நகரும் தடுப்பு இரண்டு வகை. மெல்லிய ஒற்றைத் தாள் ஒட்டி வெளிச்சம் ஊடுருவ விடுவது ஷோஜி. இருபுறமும் பல அடுக்குத் தாள் ஒட்டி ஒளிபுகாமல் செய்வது ஃபுசுமா. ஓவியம் வருவது ஃபுசுமாவில். ஒரு கதவு ஏறக்குறைய 90 செ.மீ. அகலம், 180 செ.மீ. உயரம், இரண்டு அல்லது மூன்று செ.மீ. கனம். உள்ளே இருப்பது பலகை இல்லை, மெல்லிய சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த கூடு, பெரும்பாலும் சுகி என்ற தேவதாரு வகை மரத்தில் செய்தது. பலகை ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். கூடு அவ்வளவாக அசையாது. அசைந்தாலும் மேலே இருக்கும் தாள் அதை வாங்கிக்கொள்ளும்படி அடுக்குகளை அமைக்கிறார்கள். இந்த அடுக்கு வேலைதான் ஃபுசுமாவின் உயிர். ஓவியத்தைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

முதல் அடுக்கு, கூட்டை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான கோசோ (காகித மல்பெரிச் செடி) நார்த்தாள். சட்டங்களின் மேல் முழுக்கப் பசை தடவி ஒட்டுவார்கள். இரண்டாவது, சட்டத்தின் நிழல் வெளியே தெரியாமலிருக்க ஒட்டும் மங்கலான நிறத் தாள். அதற்கு மேல் மினோபரி: தாள்களை ஒரு விளிம்பில் மட்டும் பசையிட்டு, ஒன்றன் மேல் ஒன்று சரிந்து விழும்படி, கூரைக்கு ஓலை வேய்வது போல அடுக்குவது. மூன்று நான்கு தாள்கள் ஒரே இடத்தில் படியும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. அவற்றின் மேல் ஒரு முழுத் தாளை அழுத்தி ஒட்டுவார்கள். பிறகு ஃபுகுரோபரி, அதாவது பை ஒட்டு: சிறு சிறு தாள்களின் ஓரத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கும் குறைவாகப் பசை, நடுவில் வெறும் தண்ணீர் ஈரம். காய்ந்ததும் தாள் முரசுத் தோல் போல விறைத்து, அடியில் மெல்லிய காற்றுப் பை உருவாகிவிடும். இது இரண்டு தடவை. இவ்வளவுக்கும் மேலேதான் ஓவியத் தாள் வருகிறது. பசை, பசைப்புரதம் நீக்கிய கோதுமை மாவில் காய்ச்சியது. அடியடுக்குகளுக்குக் கெட்டியாக, மேலே போகப் போக நீர்க்க.

இதில் இரண்டு லாபம். கூடு நெளிந்தாலும் அந்த இழுவிசை காற்றுப் பையோடு நின்றுவிடும், ஓவியத்துக்கு வந்து சேராது. நூறு ஆண்டு கழித்துப் பழுதுபார்க்க வேண்டியிருந்தால், அந்தப் பை அடுக்கில் கத்தியை விட்டு ஓவியத்தை முழுதாக உரித்தெடுக்கலாம். ஒரு கதவின் முன்பக்க ஓவியமும் பின்பக்க ஓவியமும் தனித்தனியே பயணம் போன கதை இதனால்தான் சாத்தியமாயிற்று. கானோ சன்செட்சு 1646இல் கியோத்தோவின் மியோஷின்ஜி வளாகத்திலிருந்த தென்ஷோ-இன் கோயிலுக்குத் தீட்டிய கிழ ப்ளம் மரம், நான்கு கதவுகளில் சுமார் 4.85 மீட்டர் அகலத்துக்கு முறுக்கிக்கொண்டு போகிறது. அது இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கதவுகளின் மறுபுறத்தில் இருந்த சித்தர்களின் ஓவியம் மினியாபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் ப்ளைவுட் கதவில் இந்த இடைவெளி எதுவும் இல்லை. பலகை ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் அசைந்ததை இதழ்கள் நேரடியாகத் தாங்கின. வெடித்ததற்கு முதல் காரணம் அது. இரண்டாவது காரணம் கனம், அதற்குப் பிறகு வருகிறேன்.

கதவில் நேரடியாக வரைகிறார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். நிறமும் தங்கமும் வரும் வேலையில் பெரும்பாலும் இல்லை. தாளைத் தரையில் படுக்கப்போட்டு வரைந்து முடித்து, பிறகு கதவில் ஒட்டுகிறார்கள். காரணம் எளிது: நீர்க்கக் கரைத்த கனிம நிறம் செங்குத்தான பரப்பில் வழியும். பழைய ஓவியங்களை உற்றுப் பார்த்தால் கதவின் குறுக்கே ஒட்டுக் கோடுகள் தெரியும். கதவின் அகலத்துக்குச் சரியாக வரும் தாள்களை ஐந்தாறு வரிசையாக மேலும் கீழும் இணைத்த தடயம் அது. ஹியோகோ மாகாணத்தின் நாஜியோவில் காம்பி என்ற செடியின் நாரோடு களிமண் கலந்து செய்யும் மாநியாய் தாள் இதற்குப் பேர்போனது. மண் கலந்திருப்பதால் தாள் நெளியாது, பூச்சியும் எளிதில் அரிக்காது.

தாள் வந்ததும் அதற்கு முதலில் தோசா கொடுக்கவேண்டும். வஜ்ஜிரமும் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) படிகாரமும் கலந்த நீர்தான் தோசா. ஜப்பானிய நார்த்தாள் உறிஞ்சும் தாள். தோசா இல்லாமல் நிறத்தை வைத்தால் மை ஊறிப் பரவும், நிறத்திலிருக்கும் பசையைத் தாள் குடித்துவிடும், மேலே வெறும் கல்பொடி மிஞ்சும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் வஜ்ஜிரம், 5 கிராம் படிகாரம் என்பது நல்ல தொடக்க அளவு. வஜ்ஜிரத்தை இரவே குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்கவேண்டும். 60 முதல் 70 டிகிரி போதும். கொதிக்கவிட்டால் ஒட்டும் தன்மை போய்விடும். கரைந்து சற்று ஆறிய பிறகு படிகாரத்தைத் தனியாகக் கரைத்துச் சேர்க்கவேண்டும். அகலத் தூரிகையால் ஒரே திசையில், விட்டுவிடாமல், ஒரு முறை ஓடிய இடத்தில் மறுபடி ஓடாமல் தடவவேண்டும். முன்பக்கம் ஒரு முறை, காய்ந்ததும் பின்பக்கம், மறுபடி முன்பக்கம் என்பது பலருடைய பழக்கம். வெயில் காயும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். ஈரக்காற்றில் மெதுவாகக் காயும் தோசா திட்டுத்திட்டாக நிற்கும்.

சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். மணியாக நின்றால் சரி. உடனே கறுத்துப் பரவினால் பற்றாது. தாள் மொரமொரத்து, சாய்த்துப் பார்க்கும்போது பொடிப்பொடியாக மின்னினால் படிகாரம் கூடிவிட்டது. இந்தக் கடைசித் தவறு அன்றைக்குத் தெரியாது. படிகாரம் அமிலத்தன்மை உள்ளது, ஆண்டுகள் போகப் போகத் தாளை மஞ்சளாக்கி நொறுங்கவைக்கும். மேலே சொன்ன அளவுகள் கல்லில் செதுக்கியவை இல்லை. வஜ்ஜிரம் எந்தத் தோலிலிருந்து வந்தது, எந்தப் பருவம், தாள் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பட்டறையும் மாற்றிக்கொள்ளும்.  வஜ்ஜிரம் படிகாரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது பொதுவான கணக்கு.

அடுத்தது தங்கம். இன்று ஜப்பானில் அடிக்கப்படும் தங்க ரேக்கில் கிட்டத்தட்ட முழுவதும் கனாசவா நகரத்திலிருந்து வருகிறது. வழக்கமான ஒரு ரேக்கு 10.9 செ.மீ. சதுரம், கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. கையில் தொட்டால் கசங்கிப் போகும் என்பதால் மூங்கில் இடுக்கியால் எடுக்கிறார்கள், அல்லது லேசாக மெழுகோ எண்ணெயோ ஏற்றிய தாளில் ஒற்றி எடுத்து வைக்கிறார்கள். தாளில் நீர்த்த வஜ்ஜிரத்தைத் தடவி, ஈரம் பளபளப்பாக நிற்கும்போதே ரேக்கை இறக்கவேண்டும். அடுத்த ரேக்கு முந்தியதன் மேல் மூன்று மில்லிமீட்டர் ஏறி நிற்கவேண்டும். இந்த ஏறிய இடங்களில் இரட்டைக் கனம் என்பதால் சற்று அடர்ந்த கட்டம் கட்டமான கோடு தெரியும். அதை மறைக்க முயலவேண்டாம். ஒரே சீராக விழுந்த அந்தக் கட்டங்கள்தான் பெரிய தங்கப் பரப்புக்குத் தாளம் தருகின்றன.

கணக்குப் போட்டால், மூன்று மில்லிமீட்டர் ஏற்றம் போக ஒரு ரேக்கு 10.6 செ.மீ. மூடும். 90க்கு 180 கதவில் அகலவாட்டில் 9, உயரவாட்டில் 17, ஆக 153 ரேக்கு. நான்கு கதவுக்கு 612, கிழிந்து வீணாவது தனி. அதனால் கெட்டியாக நிறம் வரப்போகும் பெரிய மரத்தண்டு, பூக்கூட்டம் போன்ற இடங்களைத் தங்கமிடாமல் விட்டு, விளிம்பில் மட்டும் சிறிது உள்ளே ஏறும்படி ரேக்கிடும் வழக்கம் உண்டு. முழுதும் தங்கமிட்டு அதன் மேல் வரைவதும் உண்டு. இரண்டாவது வழியில் தங்கத்தின் மேல் மறுபடி ஒரு இளம் தோசா கொடுத்தால்தான் நிறம் பிடிக்கும், இல்லாவிட்டால் கண்ணாடியில் விட்ட தண்ணீர் மாதிரி நிறம் சுருண்டு விலகும்.

தங்கத்தை முழு ரேக்காகத்தான் இடவேண்டும் என்றில்லை. அடியில் கம்பி வலை கட்டிய மூங்கில் குழாயில் ரேக்கைப் போட்டுத் தூரிகையால் தேய்த்தால் பொன் துகள் மணல் போலக் கீழே விழும். பொடிச் சதுரங்களாகவும் ஊசிக் கீற்றுகளாகவும் நறுக்கித் தூவலாம். பொன்பொடியை வஜ்ஜிரத்தில் கரைத்து மூடுபனியாக இழுக்கலாம். உங்களுடைய தங்கம் கறுத்ததற்கு விளக்கம் ஒரே வரிதான்: அது பித்தளைத் தாள். அதில் இருக்கும் செம்பு காற்றோடும் கைவியர்வையோடும் சேர்ந்து கறுக்கும்.

இப்போது இதழ்களுக்கு வருவோம். அந்த வெள்ளை, கோஃபுன். சிப்பி ஓடுகளைப் பல ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் போட்டு மட்கவிட்டு, அரைத்து, நீரில் கரைத்துப் படியவிட்டு எடுக்கும் சுண்ணாம்புத் தூள் அது. சுட்ட சுண்ணாம்பு இல்லை, வேதியியல்படி இயற்கையான சாக்குக் கல்லும் இதுவும் ஒன்றே (கடையில் விற்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்). கியோத்தோவை ஒட்டிய உஜி இதற்குப் பெயர்பெற்ற இடம். உங்கள் கையில் வெடித்தது அவர்கள் கையில் நிற்பதற்குக் குழைக்கும் முறையும் ஒரு காரணம். தூளைக் கல்வத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் உலர்வாகவே அரைத்துக் கட்டிகளை உடைக்கவேண்டும். 10 கிராம் வஜ்ஜிரத்துக்கு 100 மி.லி. நீர் என்ற கணக்கில் கரைத்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசையவேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் வெளியே பசையும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டி தட்டும். சப்பாத்தி மாவைவிட ஒரு பிடி கெட்டியான பதம் வந்ததும், கயிறாக உருட்டி, மடித்து, பீங்கான் தட்டில் ஓங்கி அடிக்கவேண்டும். நூறு அடி என்பது பரம்பரைக் கணக்கு. உள்ளே இருக்கும் காற்று வெளியேறிப் பசை ஒவ்வொரு துகளையும் சுற்றிப் பிடிக்கவே இவ்வளவு அடி.

பிறகு அந்த உருண்டையைத் தட்டில் தட்டையாக அழுத்தி, மூழ்கும்படி வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, கலங்கிய நீரைக் கொட்டிவிடவேண்டும். தூளின் காரமும் மிகையான பசையும் அதோடு போகும். கடைசியில் விரல் நுனியில் ஒன்றிரண்டு சொட்டு நீர் தொட்டுத் தட்டின் மேல் தேய்த்துத் தேய்த்துக் கரைக்கவேண்டும். பால் பதத்துக்கு வந்தால் பூசுவதற்கு, தயிர் பதத்துக்கு வந்தால் மேடாக்குவதற்கு.

மேடாக்கும் வேலைக்கு மொரிஆகே என்று பெயர். இதழின் நடுவில் தூரிகை நுனியால் ஒரு சொட்டு வைத்து, அதை விளிம்பு நோக்கி இழுத்து, முழுக்கக் காயவிட்டு, அதன் மேல் அடுத்தது. ஒரு இதழ் மூன்று நான்கு ஏற்றத்தில் உயரும். ஒரே ஏற்றத்தில் உயர்த்தினால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், அடி இன்னும் ஈரமாக இருக்கும், நடுவில் பிளவு விழும். உங்கள் பூவில் நடந்தது இதுதான். பசை கூடினாலும் பிளவு வரும், ஆனால் அதன் தோற்றம் வேறு: இதழ் விளிம்பு சுருண்டு தாளையும் பிய்த்துக்கொண்டு எழும்பும். பசை குறைந்தால் பிளவே இருக்காது, காய்ந்த இடத்தை விரலால் தடவினால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே முதலில் வீண் தாள் ஒன்றில் மூன்று பசை அளவுகளில் பூசி, மறுநாள் தாளை மெல்ல வளைத்தும் விரலால் தேய்த்தும் பார்த்துவிட்டு அசலில் கைவையுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கால் (சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த கூழ்) மேடாக்கி அதன் மேல் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். இங்கே வரிசை தலைகீழ், தங்கம் கீழே, மேடு அதன் மேல். 

இலைக்கும் நீலப் பூவுக்கும் கல்பொடிகள். பச்சை மலாக்கைட், ஜப்பானியத்தில் ரோகுஷோ. நீலம் அசுரைட், குன்ஜோ. இரண்டுமே செம்புக் கனிமங்கள். இவற்றை அரைத்து நீரில் படியவிட்டுப் பருமன் வாரியாகப் பிரித்து எண் கொடுத்து விற்கிறார்கள். 5ஆம் எண் சர்க்கரைத் துகள் போலப் பரபரவென்று அடர்ந்த நிறம், 13ஆம் எண் மாவு போல மென்மை, வெளிர்நிறம். ஒரே கல்தான், துகள் சிறுக்கச் சிறுக்க ஒளியைச் சிதறடித்து வெளுக்கிறது. ஆகவே நிறத்தை வெள்ளை கலந்து வெளுப்பதைவிட எண்ணை மாற்றி வெளுப்பது தூய்மையாக இருக்கும். பருமனான துகள் கனமானது, அதற்குப் பசை கூடுதலாக வேண்டும். நுண்ணிய துகளுக்கு அதே பசை கொடுத்தால் காய்ந்ததும் மேலே கண்ணாடி போல மினுங்கி நிறம் மங்கும். கிண்ணத்தில் பசையோடு விரலால் குழைத்து, பிறகு நீர் சேர்த்து, தூரிகையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கலக்கி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் இலைக்குப் பசையும் கடைசி இலைக்கு வெறும் கல்லும் போய்ச் சேரும். பருமனான நீலத்தை வெறும் தாளில் வைத்தால் சந்து சந்தாகத் தாள் தெரியும். அதனால் அடியில் அவுரி நீலமோ நுண்ணிய குன்ஜோவோ ஒரு பூச்சுக் கொடுக்கிறார்கள். சிவப்புக்கு ஜாதிலிங்கம் என்ற பாதரசக் கனிமமும் காவி மண்ணும், ஊதா கலந்த செம்மைக்கு அரக்குப் பூச்சிச் சாயம் போன்றவையும் வரும்.

பழைய கதவுகளில் பச்சை இலையைச் சுற்றித் தாள் பழுப்பேறி, சில இடங்களில் இலை வடிவத்துக்கே ஓட்டை விழுந்திருப்பதைக் காணலாம். மலாக்கைட்டின் செம்பு தாளை மெல்ல எரித்த தடம் அது. ரோகுஷோ எரிவு என்று பழுதுபார்ப்பவர்கள் சொல்வார்கள். நானூறு ஆண்டு அப்படியே இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை இங்கே கொஞ்சம் திருத்தவேண்டும். அப்படியே இருப்பவை குறைவு. உதிர்ந்து, ஒட்டி, உரித்து, மறுபடி ஏற்றப்பட்டவைதான் அதிகம்.

வரையும் வரிசை பெரும்பாலும் இப்படி: முழு அளவில் தாள் வரைவு, அதன் அடியில் கரி அல்லது காவி தடவிய படித்தாள் வைத்து உருவத்தை இறக்குதல், மெல்லிய நுனித் தூரிகையால் மைக்கோடு, பூக்களுக்குக் கோஃபுன், இலைக்கு அடிநிறம், பிறகு கல்நிறம். கோட்டை மூடாமல் அதன் இருபுறமும் நிறத்தை நிறுத்துவது ஒரு வழி. கோடே இல்லாமல் நிறத்தாலேயே இதழை எழுப்புவது இன்னொரு வழி. ரின்பா என்ற ஓவிய மரபினர் ஈரமான இலையின் மேல் இன்னொரு ஈர நிறத்தைச் சொட்டவிட்டு அது தானாகப் பரவும் தேக்கத்தை அப்படியே காயவிட்டார்கள். தோசா நன்றாக ஏறிய தாளில்தான் அந்த வித்தை பலிக்கும்.

அமைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கதவில் எனக்கு உறுத்தியது அதுதான். இரண்டு கதவும் சேரும் இடத்தில் நட்டநடுவில் பெரிய பூவை வைத்திருக்கிறீர்கள். கதவைத் திறந்தால் பூ பிளக்கிறது. நான்கு கதவு வரிசையில் வழக்கமாக நடு இரண்டும் அறைப்பக்கத் தடத்தில் ஓடும். திறக்கும்போது அவை ஓரக் கதவுகளை மூடிக்கொண்டு நிற்கும். ஆகவே நடுக் கதவுகள் ஒவ்வொன்றும் தனியாகவும் படமாக நிற்கவேண்டும், நான்கும் மூடும்போது ஒரே படமாகவும் ஓடவேண்டும். அடிமரத்தை ஒரு கதவுக்குள் ஊன்றிவிட்டு, கிளையைச் சட்டத்தைத் தாண்டிச் சாய்வாக அடுத்த கதவுக்குள் அனுப்புவார்கள். சாய்வுக் கோடு சட்டத்தில் அறுபட்டாலும் கண் இணைத்துக்கொள்ளும். கிடைக்கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தெரியும். விரல் வைத்து இழுக்கும் உலோகக் குழி, ஹிகிடே, கதவின் பாதி உயரத்தை ஒட்டி வருகிறது. அந்த இடத்தில் பூ முகம் வந்தால் அதில் ஓட்டை போடவேண்டியிருக்கும். பார்ப்பவர் பாயில் உட்கார்ந்திருப்பார், கண் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில். அதனால்தான் சாமந்தியும் பியோனியும் கதவின் கீழ்ப்பாதியில் கனத்து, மேல்பாதி பொன்மேகமாக வெறித்துக் கிடக்கிறது. பருவங்கள் பொதுவாக வலமிருந்து இடமாக, வசந்தத்தில் தொடங்கிப் பனிக்காலத்தில் முடியும்.

இதைப் பார்த்துப் படிக்கச் சில இடங்கள். கியோத்தோவின் தாய்கக்குஜியில் கானோ சன்ராகு (1559–1635) தீட்டிய பியோனிக் கதவுகள் 18, செம்மையும் வெண்மையுமான ப்ளம் கதவுகள் 8. பியோனியின் ஒவ்வொரு இதழும் கோஃபுனின் ஏற்றத்தாழ்வால்தான் பிரிகிறது. மியோஷின்ஜியின் தென்க்யூ-இன்னுக்கு 1631ஐ ஒட்டித் தீட்டிய மூங்கில் வேலியும் காலைமகிமை (மார்னிங் குளோரி) கொடியின் பூக்களும் இன்னொன்று. வேலியின் நேர்கோடுகள் கதவு கதவாக அளந்தெடுத்தது போல் போகும், கொடி மட்டும் அடங்காது. தைத்தோகுஜியின் ஜுகோ-இன்னில் கானோ எய்த்தோகு (1543–1590) தீட்டிய ப்ளம் மரமும் பறவைகளும் நிறமின்றி மையால் ஆனவை. பூவோவியத்துக்குத் தங்கம் கட்டாயம் என்ற எண்ணத்தை அது கலைக்கும்.

இவற்றில் எது உறுதி, எது வாதத்துக்குரியது என்பதையும் சொல்லவேண்டும். தாளும் பசையும் நிறமும் கருவிப் பரிசோதனையிலும் பழுதுபார்ப்பின்போதும் கண்ணெதிரே தெரிபவை, அவற்றில் ஐயம் குறைவு. யார் வரைந்தது, எந்த ஆண்டு என்பது அப்படியில்லை. கையொப்பம் இடாத கதவுகளே அதிகம். ஜுகோ-இன் ஓவியத்தை 1566ஐ ஒட்டியது என்பவர்களும் உண்டு, 1580களுக்குத் தள்ளுபவர்களும் உண்டு. இணையத்தில் அதிகம் சுற்றும் சிஷாகு-இன் கோயிலின் செர்ரி மரம், ஹாசெகாவா தோஹாகுவின் மகன் க்யூசோ வரைந்தது என்பது நெடுநாள் மரபு. அன்று ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதெயோஷி தன் குழந்தை 1591இல் இறந்தபின் எழுப்பிய கோயிலுக்காக ஆன வேலை அது. க்யூசோ 1593இல் இளவயதிலேயே இறந்துபோனார். கோஃபுனில் மேடான அந்தச் செர்ரிப் பூக்கள்தான் நீங்கள் இணைத்த படங்களில் முதலாவது. ஆனால் அந்தத் தொகுதியில் பெரும்பகுதி கதவில் இல்லை, சுவரில் ஒட்டியது. அதற்கு இழுக்கும் குழியும் தடமும் கிடையாது. இரண்டாவது படம், தங்கத்தில் நீல ஐரிஸ், ஒகாத்தா கோரின் வரைந்தது. டோக்கியோ நெசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அது மடிப்புத் திரை, ஃபுசுமா இல்லை. திரைக்கு மடிப்பின் கோணம் கணக்கில் வரும், கதவுக்கு வராது. அதை அப்படியே கதவுக்கு எடுத்தால் தட்டையாகத் தெரியும்.

மூன்றாவது படம் வரைந்ததே இல்லை, கராகாமி. மரக்கட்டையில் செதுக்கிய பூவில் அபிரகம் (மைக்கா) கலந்த நிறத்தைத் துணிச் சல்லடையால் ஒற்றி, தாளை மேலே போட்டு உள்ளங்கையால் தடவி எடுப்பது. ஒரே பூ ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் மின்னினால் அது கராகாமி. வீட்டுக்கு, அதுவும் முதல் முயற்சிக்கு, இதுவே தோதானது என்பது என் கருத்து. நேரில் போய்ப் பார்க்கும்போதும் கவனம் தேவை. நிஜோ கோட்டையில் கானோ குல ஓவியர்கள் 1626இல் தீட்டிய ஓவியங்களுக்கு 1972 முதல் கையால் நகல் எடுத்து அறைகளில் மாட்டிவருகிறார்கள். அசல்களுக்கு 2005இல் தனிக் காட்சிக்கூடம் திறந்தார்கள். வேறு சில கோயில்களில் நுண்ணிய அச்சில் எடுத்து மேலே உண்மையான தங்கமிட்ட நகல்கள் இருக்கின்றன. புதுமை மாறாத தங்கத்தைப் பார்த்து அசல் இவ்வளவு காலம் இப்படியே நின்றது என்று எண்ணிவிடவேண்டாம்.

உங்கள் அலமாரிக்கு: ப்ளைவுட்டின் மேல் எதையும் நேரடியாக வரையாதீர்கள். 45க்கு 60 செ.மீ. அளவில் மெல்லிய மரச்சட்டக் கூடு ஒன்று செய்து, இருபுறமும் தாள் ஒட்டுங்கள். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்கமாகவே வில்லாக வளையும். ஜப்பானியத் தாள் கிடைக்காவிட்டால் நேபாளத்து லோக்தா தாள் நீளநார் கொண்டது, உதவும். கூட்டைப் பிடிக்கும் அடுக்கு ஒன்று, சரிந்து விழும் அடுக்கு ஒன்று, பை ஒட்டு இரண்டு என்று வைத்துக்கொண்டால் போதும். ஓவியத் தாளைச் சுற்றிலும் இரண்டு செ.மீ. கூடுதலாக வெட்டி, பக்கவாட்டில் மடித்து ஒட்டி, அதன் மேல் வெளிச்சட்டம் வரட்டும். இந்த அளவுக்கு முழுத் தங்கம் என்றால் 30 ரேக்கு. முதல் தடவை தங்கத்துக்குப் பதில் அபிரகப் பொடியை இளம் வஜ்ஜிரத்தில் கரைத்துப் பூசிப் பாருங்கள், கறுக்காது. கரைத்த வஜ்ஜிரத்தைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், நாற்றம் வந்தால் பிடிப்பும் போயிருக்கும். கோதுமைப் பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும், ஆகவே அலமாரியின் உட்பக்கம் ஈரமில்லாமல் இருக்கவேண்டும். முடித்ததும் பாதுகாப்புக்கு வார்னிஷ் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். சுண்ணாம்புத் தூள் எண்ணெயிலும் வார்னிஷிலும் நனைந்தால் வெண்மை இழந்து பாதி கண்ணாடியாகிவிடும், மலாக்கைட் கறுத்துப்போகும், திருப்பி எடுக்கவும் முடியாது. கைபடாமல் காக்கத்தான் அந்த உலோகக் குழி இருக்கிறது. வரைவதற்கு முன்பே அதன் இடத்தைத் தாளில் குறித்துவிட்டு, அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பூ எதுவும் வராமல் வெறும் பின்னணியாக விடுங்கள்.